ஏழாம் எண்ணுக்குக் கீழே ஒரு கோடு

ஸ்கார்டால்
பிப்ரவரி 2

அன்புள்ள தங்கை குன்வோருக்கு,

அண்ணன் எழுதுகிறேன். முழங்கால் படி ஏறும்போது மட்டும்தான் வலிக்கிறது. ஆகவே படி ஏறுவதைக் குறைத்துக்கொண்டேன். மீன் ஆலையில் கத்தி பிடித்துப் பிடித்து மணிக்கட்டு மரத்துப்போகிறது என்று எழுதியிருந்தாயே, இப்போது எப்படி இருக்கிறது? மாப்பிள்ளை ராய்தார் படகோடு காட் மீன் பிடிக்கக் கிளம்பிவிட்டாரா?

எங்கள் ஊரில் உலக இளையோர் பயத்லான் போட்டி இன்னும் மூன்று வாரத்தில். பனி அறுபத்திரண்டு சென்டிமீட்டர். வீட்டு வேலியோரம் அளந்தேன். காற்று அடித்துச் சேர்த்ததாகவும் இருக்கலாம். பல நாட்டுப் பிள்ளைகள் முதுகில் துப்பாக்கியோடு நம் காட்டுக்குள் பனியில் சறுக்கி, நடுநடுவே குறி சுடப் போகிறார்கள். அதில் ஒருத்தி நம் ஓஸ்னே. மூன்று பெண்கள் ஓடும் தொடரோட்டத்தில் கடைசி ஆள் அவள்தான் என்று செய்தித்தாளில் பார்த்தேன். பயிற்சி நேரத்தில் போய் நின்று அவளைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

ஊரில் நடமாட முடிகிற எல்லோருக்கும் ஏதாவது ஒரு வேலை கொடுக்கிறார்கள். நேற்றுப் பள்ளி மண்டபத்தில் எங்களுக்கு வகுப்பு. தண்டனை வளையத்தில் நிற்கப்போகிறவர்களுக்காகத் தலைமை நடுவர் சொன்னார்: "குறி ஒண்ணு தப்பினா ஒரு சுத்து, நூத்தைம்பது மீட்டர். சுத்தாம விட்டா ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு நிமிஷம் கூடும். எண்ணுறவங்களுக்குச் சந்தேகம் வந்தா, சந்தேகத்தோட பலன் ஓடுற பிள்ளைக்குத்தான். சரியா?" நான் வழக்கம்போல் குறித்துக்கொண்டேன். என் பழைய மாணவன், மரம் அறுக்கும் ஆலையில் இருக்கிற ஸ்டைனார், பின்வரிசையிலிருந்து, "சார் நோட்ஸ் எடுக்கிறாருடா, திங்கக்கிழமை டெஸ்ட் வச்சிடப் போறாரு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு என்ன வேலை என்று இன்னும் சொல்லவில்லை. கார் நிறுத்துமிடமாக இருக்கும் என்று நினைக்கிறேன், தவறாகவும் இருக்கலாம்.

தொலைபேசியில் எனக்கு வாய் எழாது என்பது உனக்குத் தெரியும். எழுது. மணிக்கட்டில் கம்பளித் துணி சுற்றிக்கொள்.

அண்ணன் ஹால்டோர்


ஹெஸ்ட்வோய் தீவு
பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

மணிக்கட்டு இருக்கிறது, நானும் இருக்கிறேன். ராய்தார் ஜனவரியிலேயே கடலுக்குப் போனவர்; ஈஸ்டருக்கு முன்னால் முகம் பார்க்க முடியாது.

கார் நிறுத்துமிடமா? நாற்பது வருஷம் கணக்கு வாத்தியார், இப்போது கார்களை எண்ணப் போகிறீர்களா! இங்கே ஆலையில் எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். காது உறைந்துவிடும் என்று சாம்பல் நிறத் தொப்பி ஒன்று பின்னி அனுப்பியிருக்கிறேன். மேலே உள்ள குஞ்சம் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. கூடவே காய்ந்த மீனும் வைத்திருக்கிறேன்.

தொடரோட்டத்தன்று வானொலியை இயந்திர அறைக்கே கொண்டுவரப் போகிறோம். மேற்பார்வையாளர், "குன்வோர், உன் பொண்ணு சுடுற வரைக்கும் கத்தியைக் கீழ வை, இல்லேன்னா விரல் போயிடும்" என்கிறார். அண்ணா, அவளைப் பார்த்தால் ஒரு வார்த்தையாவது பேசுங்கள். தூரத்தில் நின்று தொப்பியைத் தூக்கிக் காட்டிவிட்டு நழுவிவிடாதீர்கள். சின்ன வயதில் அவள் யாரிடமாவது வாதாடினால், "வேணும்னா ஹால்டோர் மாமாகிட்ட கேளு" என்பாள், அதோடு வாதம் முடிந்துவிடும். இன்னும் அப்படித்தான்.

முழங்காலை வெறும் குளிரில் காட்டாதீர்கள்.

தங்கை குன்வோர்


ஹெஸ்ட்வோய்
மார்ச் 1

அன்புள்ள அண்ணாவுக்கு,

முழங்கால் எப்படி என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். அதற்கு மேல் சாதாரணமாக எழுத வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவள் படுத்துச் சுட்டபோது ஐந்தும் விழுந்தது. நின்று சுட்டபோது உபரித் தோட்டா மூன்றும் தீர்ந்த பிறகும் மூன்று குறி மிச்சம். மூன்று தண்டனைச் சுற்று. அப்படியும் மூன்றாவதாக வந்து சேர்ந்தாள்! வெண்கலம்! நாங்கள் மீன் செதில் ஒட்டிய கையோடு கட்டிப்பிடித்துக் குதித்தோம். பத்து நிமிஷம் கழித்து வானொலிக்காரன் சொல்கிறான், நார்வேயின் கடைசிப் பெண் இரண்டு சுற்றுதான் சுற்றினாளாம், இரண்டு நிமிஷத் தண்டனையாம், ஏழாவது இடமாம். இயந்திரத்தை யாரோ நிறுத்திவிட்டார்கள். அத்தனை பேரும் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள்.

அவள் செவ்வாய்க்கிழமை படகில் வந்து இறங்கினாள். கூட ஓடிய இருவரும் பேருந்தில் அவளோடு பேசவில்லையாம். ஒருத்தி மட்டும் இறங்கும்போது, "ஓஸ்னே, மூணு வரைக்கும் எண்ணத் தெரியாதா உனக்கு? ஒண்ணாங்கிளாஸ் பாடம்டி" என்றாளாம்.

"நீ எத்தனை சுத்துன?" என்று கேட்டேன். "மூணும்மா" என்றாள். பெட்டியைக்கூடத் திறக்காமல் படுத்துவிட்டாள்.

அண்ணா, நீங்கள் கார்களோடு நின்றிருப்பீர்கள், பார்த்திருக்க முடியாது. ஆனால் உங்கள் ஊரில் எல்லோரும் உங்களிடம் படித்தவர்கள்தானே. வளையத்தில் நின்று எண்ணிய அந்தக் குருட்டு மகராசன் யார் என்று விசாரித்து எழுதுங்கள்.

தொப்பி அளவு சரியாக இருந்ததா?

குன்வோர்


ஸ்கார்டால்
மார்ச் 10

அன்புள்ள குன்வோருக்கு,

நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். தொப்பி அளவு சரி. மீனுக்கும் நன்றி.

நீ கேட்டது பற்றி. வளையத்தில் இருவர் நின்றார்கள். இருவரும் ஊர்க்காரர்கள், இருவரும் இளைஞர்கள் அல்ல. கடைசி அரைமணி நேரம் பனி பக்கவாட்டில் அடித்தது. ஐந்து பேர் ஒரே சமயத்தில் வளையத்துக்குள் இருந்தார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கட்டம். பெண் கடந்து போகும்போதெல்லாம் அந்த எண்ணுக்குக் கீழே ஒரு கோடு. முறை எளிமையானதுதான். கையுறையோடு எழுதுவது எளிதல்ல.

முடிவை எதிர்த்து முறையிடப் பதினைந்து நிமிடம்தான் கொடுக்கிறார்கள். அது முடிந்தபின் எதுவும் மாறாது என்று விதிப்புத்தகத்தில் இருக்கிறது. இரண்டு முறை படித்துப் பார்த்தேன். ஆகவே யார் எண்ணினார் என்று அறிவதால் என்ன பயன் என்று தோன்றுகிறது. என் எண்ணம் தவறாகவும் இருக்கலாம்.

ஓஸ்னே இளம்பெண். மறந்துவிடுவாள். அவளைச் சாப்பிடச் சொல்.

இங்கே பனி உருகத் தொடங்கவில்லை.

ஹால்டோர்


ஹெஸ்ட்வோய்
மார்ச் 19

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் விதிப்புத்தகம் போலவே இருந்தது. இருக்கட்டும், நீங்கள் அப்படித்தான். நலமாக இருந்தால் சரி.

அவள் மறக்கவில்லை. விளையாட்டுப் பள்ளிக்குத் திரும்பிப் போகவில்லை. முதல் வாரம் மூன்று என்றாள். இரண்டாம் வாரம், "மூணுதான்னு நினைக்கிறேன்" என்றாள். இப்போது கேட்டால், "தெரியலம்மா" என்கிறாள்.

அதோடு நிற்கவில்லை அண்ணா. எல்லாவற்றையும் எண்ணுகிறாள். மாடிப்படி பதின்மூன்று. ஏறி முடித்து, சரியா என்று மறுபடி இறங்கி எண்ணுகிறாள். உருளைக்கிழங்கை முள்கரண்டியால் தொட்டுத் தொட்டு எண்ணுகிறாள், ஆறிப்போகிறது, சாப்பிடுவதில்லை. நேற்று கதவைச் சாத்திவிட்டு வந்து, "நான் சாத்தினேனாம்மா? நீ பார்த்தியா?" என்று ஏழு தடவை கேட்டாள். ஏழு என்று நானும் எண்ண ஆரம்பித்துவிட்டேன் பாருங்கள்.

துப்பாக்கி அவள் அறையில் பெட்டியில் பூட்டி இருக்கிறது. சாவி என்னிடம். அப்படியும் மனசு கேட்காமல், யாரும் சுட முடியாதபடி அதன் போல்ட்டைக் கழற்றித் தினமும் ஆலைக்கு எடுத்துப் போகிறேன், சாப்பாட்டு டப்பாவில், ரொட்டிக்கு அடியில். இதை ராய்தாருக்குக்கூட எழுதவில்லை.

பதக்கம் வேண்டாம். யார் எண்ணினார் என்பதும் வேண்டாம். இரண்டா மூன்றா, அது ஒன்று தெரிந்தால் போதும். இரண்டு என்றால் இரண்டு, அதைத் தாங்கிக்கொள்வாள். தன் தலைக்குள் இருப்பதையே நம்ப முடியாமல் அவளால் வாழ முடியாது. யாரையாவது கேளுங்கள் அண்ணா. கேட்கக் கூச்சமாக இருந்தால் என்னை நினைத்துக்கொண்டு கேளுங்கள்.

குன்வோர்


ஹெஸ்ட்வோய்
ஏப்ரல் 6

அண்ணா,

பதினெட்டு நாளாகப் பதில் இல்லை. நான்கு தடவை தொலைபேசியில் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நீங்கள் அதன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும்.

போன வியாழக்கிழமை மத்தியானம் ஓஸ்னே படகுத்துறையில் தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். இடுப்பளவு. ஏப்ரல் மாதக் கடல், ஐஸ்கட்டி மிதக்கிறது. அஞ்சல் படகுக்காரர்தான் பார்த்திருக்கிறார். "என்ன பண்ற பொண்ணே?" என்று கத்தினாராம். "அலை எண்ணுறேன். நடுவுல ஒண்ணு விட்டுப்போச்சு" என்றாளாம். தூக்கிக் கரை சேர்த்தபோது கால் இரண்டும் நீலம்.

தீவு மருத்துவமனையில் வைத்திருக்கிறார்கள். நானும் இங்கே நாற்காலியில். மருத்துவர், "அவளுக்கு என்ன தெரியணும்?" என்று என்னையே கேட்கிறார்.

உங்களிடம் நான் இதுவரை எதையும் கேட்டதில்லை. இரண்டா, மூன்றா?

கு.


ஸ்கார்டால்
ஏப்ரல் 11

குன்வோருக்கு,

மூன்று.

இதை முதல் வரியில் எழுத வேண்டும் என்று முடிவு செய்து, ஐந்து தாள்களைக் கிழித்தபின் எழுதுகிறேன். ஓஸ்னே மூன்று சுற்றும் சுற்றினாள். இந்த வரியை மட்டும் கிழித்தெடுத்து உடனே அவளிடம் கொடு. மீதியைப் பிறகு நீ படி.

எண்ணியவன் நான்.

எனக்குக் கார் நிறுத்துமிடம் கொடுக்கவில்லை. போட்டிக்கு நான்கு நாள் முன்பு தலைமை நடுவர், "எண்ணுற வேலைக்கு உங்களை விட்டா யாரு சார்?" என்றார். ஓடுகிறவள் என் தங்கை மகள் என்று சொல்லியிருக்க வேண்டும். குடும்பப்பெயர் வேறு, யாருக்கும் தெரியாது. சொன்னால் பெருமையடிப்பது போல் ஆகுமோ என்று தயங்கினேன். தயங்கித் தயங்கி ஞாயிறு வந்துவிட்டது.

ஓஸ்னேயின் எண் ஆறு. அடுத்த கட்டம் ஏழு, ஒரு செக் நாட்டுப் பெண். இருவரும் ஒட்டினாற்போல் வந்தார்கள். ஓஸ்னே வளையத்தை விட்டுக் காட்டுப் பாதைக்குத் திரும்பியபோது தாளைப் பார்த்தேன். ஆறாம் எண்ணுக்குக் கீழே இரண்டு கோடு. அவள் மூன்றாம் முறை கடந்ததைப் பார்த்தது போலவும் இருந்தது. ஐயம் இருந்தது, குன்வோர். என் பக்கத்தில் நின்ற ஸ்டைனாரிடம், "ஆறு எத்தனை? ரெண்டுதானே?" என்றேன். அவன் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, "நீங்க சொன்னா சரிதான் சார்" என்று எண்ணிக்கைச் சீட்டில் கையெழுத்திட்டான்.

ஐயத்தின் பலன் ஓடுகிறவளுக்கு. என் குறிப்பேட்டில் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். அந்த இடத்தில் வேறு எந்தப் பெண் இருந்திருந்தாலும் மூன்று என்றே எழுதியிருப்பேன். இவள் என் மருமகள். நான் மூன்று என்று நம்புவது அவள் நம் வீட்டுப் பெண் என்பதால்தானோ என்று பயந்தேன். பாரபட்சம் காட்டிவிடுவேனோ என்ற பயத்தில், யாருக்கும் செய்யாத அநியாயத்தை அவளுக்குச் செய்தேன். நேர்மை என்று அன்று நினைத்தேன்.

அன்று மாலை வீட்டில் அந்தத் தாளின் நகலைப் பார்த்தேன். செக் பெண் சுற்ற வேண்டியிருந்தது ஒரு சுற்றுதான். ஏழாம் எண்ணுக்குக் கீழே இரண்டு கோடு. ஓஸ்னேயின் மூன்றாம் கோட்டை அடுத்த கட்டத்தில் போட்டிருக்கிறேன். கூடுதலாக இருப்பதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மறுநாள் காலை போட்டி அலுவலகத்தில் நேரப் பட்டியலைக் கேட்டு வாங்கினேன். ஓஸ்னே துப்பாக்கியைத் தோளில் மாட்டியதிலிருந்து காட்டுப் பாதைக்குள் நுழைந்ததுவரை ஒரு நிமிடம் இருபத்தொன்பது நொடி. ஒரு சுற்றுக்கு அவளுக்கு இருபத்தெட்டு நொடி ஆகிறது. இரண்டு சுற்றுக்கு அவ்வளவு நேரம் ஆகவே ஆகாது.

அதாவது, மார்ச் பத்தாம் தேதிக் கடிதத்தை எழுதியபோது எனக்கு எல்லாம் தெரியும். தொலைபேசி அடித்தபோதும் தெரியும். நான்கு முறை அல்ல, ஐந்து முறை அடித்தது. பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

போட்டியை நடத்திய குழுவுக்கும் இன்றே எழுதிவிட்டேன்.

அவள் கால் பற்றி மருத்துவர் என்ன சொல்கிறார்? கேட்கும் உரிமை எனக்கு உண்டா என்று தெரியவில்லை.

ஹால்டோர்


ஸ்கார்டால்
மே 3

குன்வோருக்கு,

நீ பதில் எழுதாதது நியாயம். எழுத வேண்டும் என்று கேட்கவில்லை. ஓஸ்னே வீடு திரும்பிவிட்டாளா என்பதை மட்டும் ஒரு வெற்று அஞ்சலட்டையில் ஒரு கோடு போட்டு அனுப்பினால்கூடப் போதும்.

குழுவிடமிருந்து பதில் வந்தது. இரண்டு வரி. முடிவு மாறாது, உங்கள் நேர்மைக்கு நன்றி. அந்தச் சொல்லை அவர்கள் எழுதாமல் இருந்திருக்கலாம்.

பனி போய்விட்டது. வளையம் இருந்த இடத்தில் பழுப்புப் புல் தெரிகிறது. தினமும் காலையில் போய் ஒருமுறை சுற்றி நடக்கிறேன். இருநூற்றுப் பதினொரு தப்படி. நேற்று இருநூற்றுப் பன்னிரண்டு வந்தது, மறுபடி நடந்தேன். அவளுக்கு என்ன நேர்ந்தது என்பது எனக்குக் கொஞ்சம் புரியத் தொடங்கியிருக்கிறது.

நீ அனுப்பிய மீனை இன்னும் பிரிக்கவில்லை.

ஹால்டோர்


ஹெஸ்ட்வோய்
மே 20

வீட்டில் இருக்கிறாள். இடது காலில் இரண்டு விரல் எடுத்துவிட்டார்கள்.

உங்கள் கடிதத்தை அவளிடம் முழுசாகவே கொடுத்தேன். நான் உங்களுக்கு எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

குன்வோர்


ஹெஸ்ட்வோய்
ஜூன் 4

அன்புள்ள ஹால்டோர் மாமாவுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். விரும்புகிறேன். ஆனால் அம்மாவும் விசாரித்ததாக எழுத அவள் அனுமதிக்கவில்லை.

உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரியாதது ஒன்று இருந்தது, தெரிந்தது ஒன்றும் இருந்தது. வளையத்தில் நின்றது நீங்கள் என்று எனக்கு முதல் சுற்றிலேயே தெரியும். ஆரஞ்சு மேலங்கி, முகமெல்லாம் பனி. ஆனால் தலையில் அம்மா பின்னிய சாம்பல் தொப்பி, அந்தப் பெரிய குஞ்சம். அவள் பின்னும்போது "மாமா தலையில கோழி உட்கார்ந்த மாதிரி இருக்கும்மா" என்று சிரித்தவளே நான்தான். மூன்று குறி போய்விட்டது, நெஞ்சு வெடிக்கிறது, அப்போது உங்களைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது மாமா. நல்லவேளை, எண்ணுவது மாமா என்று நினைத்தேன்.

முடிவு தெரிந்ததும் பயிற்சியாளர், "முறையிடலாமா ஓஸ்னே? உறுதியாச் சொல்லு, பதினஞ்சு நிமிஷம்தான் இருக்கு" என்றார். நான் வாயைத் திறந்தேன். அங்கே நின்றது ஹால்டோர் மாமா, மாமா தப்பாக எண்ண மாட்டார், அப்படியென்றால் தப்பு நான்தான் என்று தோன்றியது. "வேணாம் சார்" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பதினைந்து நிமிஷம் அப்படித்தான் போனது.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அவள் உங்களைக் கேட்பாள், நீங்கள் இரண்டு என்பீர்கள், பிறகு எனக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. அதனால் ஒரு தடவை மூன்று என்றும் ஒரு தடவை தெரியாது என்றும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்னும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். கொஞ்சம் குறைந்திருக்கிறது, நாளைக்கு எப்படியோ தெரியாது. அம்மா போல்ட்டை இன்னும் டப்பாவில்தான் எடுத்துப் போகிறாள்.

நீங்கள் எழுதிய முதல் வரியைக் கிழித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஆனால் மாமா, அது கடிதம். மருமகள் மேல் இரக்கப்பட்டு எழுதியிருப்பாரோ என்று ராத்திரி எழுந்து பார்க்கிறேன். எனக்குச் சீட்டு வேண்டும். அன்று எழுதினீர்களே, அதே சீட்டு. இரண்டு பேர் கையெழுத்தோடு. "என்று நினைக்கிறேன்", "தவறாகவும் இருக்கலாம்" எதுவும் இல்லாமல்.

ஓஸ்னே


ஸ்கார்டால்
ஜூன் 10

அன்புள்ள ஓஸ்னேவுக்கு,

உன் கால் ஆறட்டும். அம்மாவின் மணிக்கட்டும் ஆறட்டும்.

வெற்றுச் சீட்டு ஒன்று என் மேசை இழுப்பறையில் மீதி இருந்தது. இரண்டாவது கையெழுத்துக்காக ஸ்டைனாரின் ஆலைக்குப் போனேன். நடந்ததை முழுதும் சொன்னேன். அவன் ரம்பத்தை நிறுத்திவிட்டுக் காதடைப்பானைக் கழற்றினான்.

"நான் மூணுதான் சார் பார்த்தேன்" என்றான்.

"அப்புறம் ஏம்ப்பா கையெழுத்துப் போட்டே?"

"எனக்கு ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்ததே நீங்கதான். உங்களுக்கு முன்னாடி நின்னு எண்ணிக்கை தப்புன்னு எப்படி சார் சொல்றது? என் கண்ணுதான் மங்கிடுச்சுன்னு நெனச்சேன். மார்ச்ல போய்க் கண்ணாடிகூட மாத்திட்டு வந்தேன்."

நான் சொன்னதற்காக நீங்கள் இரண்டு பேரும் உங்களையே நம்பாமல் போயிருக்கிறீர்கள். என்னை நானே ஒருநாளும் அவ்வளவு நம்பியதில்லை.

சீட்டை இத்துடன் இணைத்திருக்கிறேன். கையுறை இல்லாமல் எழுதினேன்.

ஹால்டோர் மாமா


தண்டனை வளையம்: எண்ணிக்கைச் சீட்டு
போட்டி: இளையோர் பெண்கள் தொடரோட்டம், மூன்றாம் ஆள்
எண்: 6
சுற்ற வேண்டியவை: 3
சுற்றியவை: | | |
எண்ணியவர்: ஹால்டோர் மோயன்
உடன் எண்ணியவர்: ஸ்டைனார் புரோட்டன்
ஐயம் ஏதும் உண்டா: இல்லை